இருபது வருஷம் ஆகும் என்று சொன்னேன்

வெளிநாடு போய்வந்தவர்கள் எழுதுவதையெல்லாம் படித்துப் பொறாமைப்பட்டவன் நான். ஆசைப்பட்டு பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்தேன். ஒரு முத்திரையும் விழாமல் அது பீரோவிலேயே காலாவதியானது. அறுபத்தொரு வயதில் எனக்கு வாய்த்த வெளிநாடு ஓசூர். தூத்துக்குடிக்காரனுக்கு அது வெளிநாடுதான். தை மாதத்தில் அங்கே ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறார்கள். பால்காரர் தெலுங்கில் கேட்கிறார், வாங்குகிறவர் கன்னடத்தில் பதில் சொல்கிறார். சண்டை வந்தால் இருவரும் தமிழுக்கு வந்துவிடுகிறார்கள்.

போனது ஊர் சுற்ற இல்லை. என் தங்கை ரீட்டா கூப்பிட்டாள். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி, எனக்குப் பதினாறு வயது இளையவள், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகி ஓசூர் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது "அண்ணா" என்கிறாள். எப்போது மாறினாள் என்று நான் கவனிக்கவில்லை.

"அண்ணா, கம்பெனியில ஒரு பேப்பர் குடுக்கறாங்க. பதினோரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டுத் தரணுமாம். நீ வந்து படிச்சுச் சொல்றியா?"

"போட்டோ பிடிச்சு அனுப்பு."

"அனுப்பக் கூடாதாம். வியாழக்கிழமை ஒரு ராத்திரி மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போலாமாம். நீ வாண்ணா."

கிளம்பிவிட்டேன். பையில் மாற்றுத் துணி, அவளுக்கு மக்ரூன், கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பிப்ரவரி மாதம் நான் பேசுவதாக இருந்தது. தலைப்பு அவர்கள் கொடுத்தது: தொழில்நுட்பம் இன்னும் வேகமெடுக்கிறதா, மூச்சு வாங்குகிறதா? என் கட்சி மூச்சு வாங்குகிறது என்பது. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தவன் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

என் வாதம் இதுதான். என் அப்பா பிறந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. அவர் இறந்தபோது வீட்டில் டிவி இருந்தது, போன் இருந்தது, அவர் கண்ணுக்குள் புது லென்ஸ் இருந்தது. ஒரே ஆயுசில் அத்தனை. அதற்குப் பிறகு என்ன வந்துவிட்டது? சுவரில் இருந்த போன் சட்டைப்பைக்கு வந்தது. மேலே சுற்றுகிற ஃபேன் அதே ஃபேன். சோறு வேகிற குக்கர் அதே குக்கர். உண்மையான பாய்ச்சல் எங்கள் காலத்தில் நடந்து முடிந்துவிட்டது, இப்போது நடப்பது பெயின்ட் அடிக்கிற வேலை. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை ஒளிக்க விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரீட்டாவின் கணவர் ஜோசப் தன் குட்டி லாரியோடு ஓசூர் ஸ்டேஷனுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். வழியில் ஒரு கடையில் தட்டு இட்லி. எங்கள் ஊர் இட்லி மூன்றைத் தட்டிச் சேர்த்தால் ஒன்று வரும். மேலே வெண்ணெய் வைத்துக் கொடுத்தார்கள். குளிரில் அது உருகவே இல்லை. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் கன்னடத்தில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோசப் மெதுவாக மொழிபெயர்த்தார்: "அந்த லைன்ல நாப்பது பேர் இருந்தோம், இப்ப ஒன்பது பேர்னு சொல்றாரு மச்சான். இன்னொருத்தர், ஒன்பது பேருக்கும் கேன்டீன்ல அதே வரிசைதான்னு சொல்றாரு." நான் சிரித்தேன். ஜோசப் சிரிக்கவில்லை.

வீடு ஜூஜுவாடியில், எல்லையை ஒட்டி. கூடத்தில் உட்கார்ந்தால் என் போன் தமிழ்நாட்டில் இருந்தது. அடுப்படிக்குப் போனால், கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்று செய்தி வந்தது. தண்ணீர் குடிக்கப் போன ஒவ்வொரு தடவையும் வரவேற்றார்கள். இதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நாலு மணிக்கு ரீட்டா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் கழுவிவிட்டு ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்க உட்கார்ந்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தால் பருப்பு ஒரு கிண்ணத்துக்கும் தோல் இன்னொன்றுக்கும் போகிறது. அவள் கையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் நாலு கொட்டை பிதுக்கினேன், இரண்டு சுவரில் போய் ஒட்டியது.

அவள் வேலை இதுதான். வண்டிகளுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டுகிற கம்பெனி. ஆளுயரப் பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். ஒவ்வொரு ஒயரையும் அதற்கான ஆணிகளின் வழியாக இழுத்து, முனையை அதற்கான துளையில் செருகி, டேப் சுற்ற வேண்டும். அதைப் போர்டு என்பார்கள். பன்னிரண்டு பெண்கள் ஒரு லைனில். பத்தொன்பது வருடமாக அவள் அந்த லைனில் நிற்கிறாள். ரீட்டாவுக்குக் குழந்தை இல்லை. மற்றப் பதினோரு பேரின் பிரசவமும் காதுகுத்தும் திருவிழாவும்தான் அவளுக்குச் சொந்தபந்தம்.

"ஆறு மாசமா எங்க நெத்தியில குட்டி கேமரா மாட்டி விடறாங்க. மணிக்கட்டுல ஒரு பட்டை. குவாலிட்டிக்குன்னுதான் சொன்னாங்க. இப்ப, மெஷினுக்குக் கத்துக் குடுக்கன்னு சொல்றாங்க. கையெழுத்து போட்டா டிரெய்னர்னு பேரு. அந்த வேலை முடியற வரைக்கும் அதே லைன்ல இருக்கலாம். போடலன்னா பேக்கிங்குக்கு மாத்திருவாங்க. அங்க வேலை போகாது. ஆனா தனியா நிக்கணும், அட்டைப் பெட்டி மடிக்கணும்."

"அந்த வேலை முடிஞ்சா?"

"அதுதாண்ணா தெரியல. மெஷின் கத்துக்குமா, கத்துக்காதா? அதைத்தான் நீ சொல்லணும்."

கிண்ணங்களை எடுத்துவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். பற்றவைக்கும் முன் அடுப்பின் விளிம்பை விரலால் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். அம்மாவும் அப்படித்தான் செய்வாள். நானும்கூட வேலைக்குச் சேர்ந்த புதிதில் போன் நிலையத்தின் இரும்பு அலமாரியைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுத்தான் திருப்புளியை எடுப்பேன். எப்போது விட்டேன் என்று ஞாபகமில்லை. அன்று இரவு களியும் பிதுக்கிய அவரைக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன், இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

புதன்கிழமை ஜோசப்புக்குக் கிருஷ்ணகிரிக்கு பிளாஸ்டிக் கூடைகள் ஏற்றும் வாடகை. நானும் தொற்றிக்கொண்டேன். அவரும் ஸ்டீயரிங்கைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார். அந்த முத்தம் சூளகிரி வரைக்கும்தான் தாங்கியது. வண்டி இருமாமல் குலுங்காமல் அப்படியே நின்றது. முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

"என்ன மாப்ளே, டீசல் இல்லையா?"

"எல்லாம் கீது மச்சான். வண்டி நல்லாத்தான் கீது. சென்சார்தான் நல்லால்லன்னு சொல்லுது. அது சொல்லிச்சுன்னா வண்டி நவுறாது."

பழைய வண்டியாக இருந்தால் ஒரு துண்டு ஒயரும் கொஞ்சம் சோப்பும் வைத்து ஓட்டிக்கொண்டு போயிருப்பாராம். இப்போது லேப்டாப் வைத்திருக்கிற மெக்கானிக் வர வேண்டும். இரண்டரை மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். லாரிகள் எங்கள்மேல் மண்ணை வாரிப் போட்டுவிட்டுப் போயின. மெக்கானிக் வந்தார், வண்டியில் ஒரு ஒயரைச் செருகினார், ஒரு பட்டனைத் தட்டினார், விளக்கு அணைந்தது. கையில் அழுக்குப் படவில்லை. எனக்கு உள்ளூரக் குதூகலம். இதோ உங்கள் முன்னேற்றம் என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன்.

காத்திருந்த நேரத்தில் ஜோசப்பின் பழைய வேலையைப் பற்றிக் கேட்டேன். ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் கடைசல் மெஷின் ஓட்டியவர் அவர். பிறகு கம்ப்யூட்டர் கடைசல் வந்தது.

"திடீர்னு வந்துட்டுதா மாப்ளே?"

"இல்ல மச்சான். எங்க ஓனரு அதை வாங்கலாமா வேணாமான்னு ரெண்டு வருசம் யோசிச்சாரு. வராது, வராதுன்னு நாங்களும் டீ குடிச்சிக்கினு இருந்தோம். வந்தப்பறம் ஒரு வாரம்."

"ஒரு வாரத்தில என்ன?"

"ஒரு வாரத்துல நான் வூட்ல இருந்தன்."

அதை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது சானமாவு காட்டுப் பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றன. யானைகள் கடக்கின்றன. இன்னும் வெளிச்சம் இருந்தது. சாலையில் ஒருவர் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு நின்றார். அரை மணி கழித்து வண்டிகள் நகர்ந்து, ஓசூர் பாலம் தெரிகிற நேரத்தில், ஜோசப்பின் போன் டிங் என்றது. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு: யானை வருது, ஜாக்கிரதை. நான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தேன். துண்டு ஜெயித்தது, போன் தோற்றது. என் பேச்சுக்கு முடிவுரை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேப்பர் வந்தது. ரீட்டா அதை மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்து, செபப் புத்தகத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு பக்கத்தில் எட்டுப் பக்கம் ஒன்றுமே சொல்லாத பக்கம். மீதி மூன்றில் விஷயம் இருந்தது. இதுவரை எடுத்த பதிவுகளும் இனி எடுப்பவையும் கம்பெனிக்குச் சொந்தம். பயிற்சியாளர் என்ற பதவி, திட்டம் நிறைவேறும் வரை. நிறைவேறிய பிறகு பணி தொடர்வது நிர்வாகத்தின் தேவையைப் பொறுத்தது.

அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மெஷின் கற்றுக்கொண்ட அன்று ரீட்டா வெளியே. அதை அவளிடமும் மறைக்காமல் சொன்னேன். அந்த அளவுக்கு நான் யோக்கியன்தான்.

"அப்ப போட வேண்டாமா?" என்றாள்.

இங்கேதான் நான் பேசத் தொடங்கினேன். ஒயர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் ஒயரோடு குடித்தனம் நடத்தியவன். இரும்பைப் பிடிக்க மெஷினுக்குத் தெரியும், ஏனென்றால் வைத்த இடத்தில் இரும்பு இருக்கும். ஒயர் இருக்காது. துணி மாதிரி, நூல் மாதிரி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் தொங்கும். அதைப் பிடிக்க விரலுக்குள் ஒரு புத்தி வேண்டும். நேற்று ஒரு சென்சாரால் ஒரு குட்டி லாரியை ஓட்ட முடியவில்லை, நடுரோட்டில் இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தது. இவர்களா உன் கையைக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

"எத்தனை வருஷம் ஆகும்ணா?"

"இருபது வருஷம் ஆகும். அதுக்குள்ள நீ ரிட்டையர் ஆகி, என்கூட தூத்துக்குடியில கடற்காத்து வாங்கிக்கிட்டிருப்பே. தைரியமாப் போடு. எதுக்கு அட்டைப் பெட்டி மடிக்கப் போறே?"

அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜோசப் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், எழுந்து போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ரீட்டா உடனே மஞ்சுளாவுக்குப் போன் போட்டாள். மஞ்சுளா அவளுக்கு அடுத்த போர்டில் நிற்கிறவள், பாகலூர்ப் பக்கம். பாதித் தெலுங்கு, பாதித் தமிழில் பேச்சு நடந்தது. எனக்குப் புரிந்தது "எங்க அண்ணா டெலிபோன்ல இருந்தவரு" என்பதும் "இருபது வருசம்" என்பதும்தான். பிறகு இன்னொருத்தி, இன்னொருத்தி. அன்று ராத்திரிக்குள் ரீட்டாவையும் சேர்த்து ஐந்து பெண்கள் என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். மீதி ஏழு பேர் போடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பேப்பரைக் கொடுக்கப் போனாள். நான் ஜோசப்போடு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனேன். மாடுகளும் மாட்டுக்காரர்களும் ஒரே அளவுக்குச் சத்தம் போட்டார்கள். தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பேர் வெறுமனே கைகுலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. விலை முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போனை நீட்டிப் பணத்தை அனுப்பினார்கள். வெயிலில் நின்று வறுத்த கடலை தின்றேன். இந்தப் பயணத்தில் நான் நிம்மதியாக இருந்த கடைசி நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கம்பெனிக்குப் போனோம். வருடத்தில் ஒரு நாள், குடும்ப நாள். வீட்டு ஆட்களை உள்ளே விட்டுக் காட்டுவார்கள். வாசலில் பலூன், பாதாம் பால். பெண்கள் பட்டுச்சேலை கட்டி வந்து தாங்கள் தினமும் நிற்கிற இடத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ரீட்டா என்னைத் தன் போர்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே மஞ்சுளா நின்றிருந்தாள். "வாங்கண்ணா, நீங்க சொன்னதுலதான் எங்களுக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு" என்றாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

லைனின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. அதுவரைக்கும் துணி போட்டு மூடியிருந்ததாம். அன்றைக்குத்தான் திறந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து எதற்கு அவசரம் என்று எனக்கு அப்போது விளங்கியது. உள்ளே ரீட்டாவின் போர்டு போலவே ஒரு போர்டு. அதன்முன் இரண்டு இரும்புக் கைகள். மதுரைப் பக்கத்து இளம் பொறியாளர் ஒருவர், கழுத்தில் அட்டை தொங்க, உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசம் முன்னாடி ஒரு ஒயரைக்கூடப் பிடிக்கத் தெரியாது சார் இதுக்கு. தடவிக்கிட்டே நிக்கும். எல்லாம் இந்த அக்காமாருகதான் கத்துக் குடுத்தாக."

இரும்புக் கை ஒரு சிவப்பு ஒயரை எடுத்தது. ஒயரின் முனை தொங்கியது. அது எந்தப் பக்கம் தொங்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு கை கீழேயிருந்து வந்து முனையை வாங்கிக்கொண்டது, ஆணிகளின் வழியாக இழுத்தது, துளையில் செருகியது. செருகியதும் லேசாகப் பின்னால் இழுத்து மாட்டியிருக்கிறதா என்று பார்த்தது. என் வாயில் பாதாம் பால் இருந்தது. விழுங்க மறந்துவிட்டேன்.

போர்டு முடிந்தது. தானாகவே கீழே இறங்கி, அடுத்த வெறும் போர்டு வந்தது. அப்போது வலது கை ஒயரை எடுக்கவில்லை. போர்டின் இடது மூலைக்குப் போனது. மூலையை மெல்லத் தொட்டது. தொட்ட விரலை மேலே தூக்கி, எதுவுமே இல்லாத ஒரு இடத்தில் ஒரு கணம் வைத்தது. பிறகு இறங்கி வந்து முதல் ஒயரை எடுத்தது.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மஞ்சுளாதான் முதலில் சிரித்தாள்.

"ரீட்டாக்கா, அது நீ!"

"நான் எங்க? நான் வாய்க்கில்ல கொண்டுபோவேன். அது ஒசரமா போகுது பாரு. நீதான் கண்ணுல ஒத்திக்குவே."

"கண்ணு வரைக்கும் வரலியேக்கா. நானும் இல்ல."

பொறியாளரும் சிரித்தார். "ரெண்டு பேரும்தாங்க்கா. சில பேரு கண்ணுல ஒத்துறீக, சில பேரு முத்தம் குடுக்குறீக. அது ரெண்டையும் கூட்டி நடுவுல ஒரு இடத்தை எடுத்துக்கிருச்சு. வேலையில இதுவும் ஒரு ஸ்டெப்புன்னு நெனச்சிருச்சு."

மறுபடி ஒரு போர்டு வந்தது. மறுபடி தொட்டது, தூக்கியது. முகமே இல்லாத அந்த இடத்தில், மூக்கு இருக்க வேண்டிய உயரத்தில் விரலை வைத்தது. இப்போது குழந்தைகளும் சிரித்தார்கள். ரீட்டா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஸ்வெட்டரை இழுத்து இரண்டு கைகளையும் அதற்குள் ஒளித்துக்கொண்டாள்.

நான் பொறியாளரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். "இது முழுசா முடிய எத்தனை வருஷம் ஆகும் தம்பி?"

"வருஷமா சார்?" நல்ல பையன், என் வயதுக்கு மரியாதை கொடுத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இந்தக் கும்பிடு ஒண்ணுதான் பாக்கி. போர்டுக்கு ஒண்ணரை செகண்டு வீணாப் போகுது. அதை எடுத்துட்டா மார்ச்சுல லைனை மாத்திரலாம். அக்காமாரு கொஞ்ச நாளைக்கு அதைச் செய்யாம ரெக்கார்டிங் குடுத்தாப் போதும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பெண்களின் மத்தியில், பட்டுச்சேலைகளுக்கு நடுவே, நான் ஒரு போலி டாக்டரைப் போல நின்றேன். சாப்பாட்டுக்குப் பிரியாணி போட்டார்கள். தட்டை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனேன். சாப்பிடாமலே திருப்பி வைத்தேன்.

வீடு திரும்பியதும் பேப்பரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ரீட்டாவிடம் கேட்டேன். "குடுத்தது குடுத்ததுதாண்ணா" என்றாள். பிறகு, "பிரியாணி உனக்குப் பிடிக்கலியா?" என்றாள். ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஊருக்கு வந்து தூங்கியிருப்பேன். திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் போன பிறகுதான் நான் கிளம்பினேன். ஜோசப் வண்டியில் ஏற்றி விட்டார். இறங்கும்போது அவரிடம், "நீங்க அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே மாப்ளே" என்றேன்.

"இருபது வருசம் இல்ல, ஒரு வாரம்னு சொல்ல வந்தன் மச்சான். நீங்க படிச்சவங்க. எனக்கு என்னா தெரியும்னு வுட்டுட்டன்."

வாசகர் வட்டத்தில் நான் பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். அதில் எழுதியது எதுவும் பொய்யில்லை. ஜோசப்பின் வண்டி போன மாதம்கூட அதே சென்சாரால் நின்றதாம். அவர் போன் யானை போன பிறகுதான் இன்னும் டிங் என்கிறதாம். வரவேண்டிய இடத்துக்கெல்லாம் நொண்டிக்கொண்டு வருகிற தொழில்நுட்பம், ரீட்டாவின் விரலைத் தேடி மட்டும் ஓடி வந்திருக்கிறது. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யார் வீட்டு வாசலுக்கு ஓடி வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் கடைசியில் ரீட்டா கூப்பிட்டாள். லைனை மாற்றிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட ஐந்து பேருக்கும் அன்றோடு முடிந்தது. போடாத ஏழு பேர் பேக்கிங்கில் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

"கடைசி நாளாச்சேன்னு போர்டைத் தொட்டு முத்தம் வைக்கப் போனேண்ணா. சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. ரீட்டா, ரெக்கார்டிங் ஓடுது, கெடுத்துடாதேன்னாரு."

"நீ என்ன செஞ்சே?"

"கையை எறக்கிட்டேன்."

பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. மஞ்சுளா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"கோவமா இருக்கா. எல்லாருமே கோவமாத்தான் இருக்காங்க. நான் சொல்லிட்டேண்ணா, எங்க அண்ணா போட வேண்டாம்னுதான் சொன்னாரு, நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்னு."

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"நீ அடுத்த தடவை வரும்போது அவங்க மூஞ்சில முழிக்கணுமில்ல. யாராவது கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு. எங்கிட்ட பேசறதில்ல, பரவாயில்ல. உன்னை ஒண்ணும் சொல்லக் கூடாது."

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்தது. அடுப்பை அணைக்கக் கர்நாடகத்துக்குள் போயிருப்பாள். திரும்பக் கூப்பிட்டு, வேண்டாம், உண்மையையே சொல், நான்தான் சொன்னேன் என்று சொல்லு என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.